ஐந்தாம் குழியில் நான் காட்டாத கை

கண்டிக்குக் கிழக்கே திகனவுக்குப் பக்கத்தில், நீர்த்தேக்கத்தைப் பார்த்த மேட்டில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அங்கே பல வருடம் புல் வேலை செய்தேன். அந்த விளையாட்டுத் தடியை ஒரு நாளும் கையில் பிடித்ததில்லை. பந்து குழிக்குள் விழுந்தால் எதற்கு அவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள் என்றுகூட முதல் இரண்டு வருடம் எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் அங்கே தனியாக விளையாட வந்த ஒரு அம்மாவின் ஆசை என்னால் கெட்டது. நான் ஏதோ செய்து கெட்டதென்றால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் நின்றதால் கெட்டது. அதை என்னவென்று போய்ச் சொல்வது?

எங்கள் வேலை லேசானதுதான், ஆனால் இடுப்பை வாங்கிவிடும். பந்தை அடிக்கும்போது தடி புல்லைப் பெயர்த்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் மணலும் விதையும் கலந்து போட்டு மிதிக்க வேண்டும். கொடி நட்ட குழியைச் சுற்றித் தலைமயிரை ஒட்ட வெட்டின மாதிரி ஒரு வட்டம் இருக்கும். அதற்குப் பெயர் கிரீன். அதில் களை முளைத்தால் குந்தியிருந்து சின்னக் கத்தியால் வேரோடு எடுக்க வேண்டும். காட்டுப்பன்றி வந்து கிண்டிவிட்டுப் போன நாளில் சாயங்காலம் நிமிர்ந்து நடக்க ஏலாது.

நாங்கள் எட்டுப் பெண்கள். எல்லாருக்கும் மூத்தவர் ஒரு அக்கா. அவருக்கு வாய் ஓயாது. விளையாடுகிறவர்கள் தூரத்து மேட்டில் வந்து நின்றால் அக்கா எழும்பி, பஸ்ஸை மறிக்கிற மாதிரி கையைத் தூக்கிக் காட்டுவார். நாங்கள் ஒதுங்கிவிட்டோம், அடிக்கலாம் என்று அதற்கு அர்த்தம். அக்கா காட்டினாலும் காட்டாவிட்டாலும் பந்து வரத்தான் செய்தது. அதனால் கை தூக்குவது அக்காவின் ஒரு பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஏன் புள்ள, நீயும் ஒருநாளைக்குக் கையத் தூக்கிப் பாரேன். அக்குள்ள என்ன முட்டையா அட வச்சிருக்க?" என்று என்னைக் கேலி பண்ணுவார்.

"அதான் நீங்க இருக்கீங்களேக்கா" என்பேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது.

நான் பிறந்தது ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அங்கே பாடத்தைவிட நன்றாகப் படித்தது ஒதுங்கி நிற்கத்தான். துரையின் ஜீப் வந்தால் ரோட்டோரத்துத் தண்ணிக் கானுக்குள் இறங்கி நிற்போம். நிமிர்ந்து பார்க்க மாட்டோம். பார்த்தால் திமிர் பிடித்தவள் என்பார்கள். ஜீப் போகிற சத்தம் கேட்டு முடிந்த பிறகுதான் கால் ரோட்டுக்கு ஏறும். பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கிற மரியாதை அதுதான் என்று என் உடம்புக்கே தெரியும். மைதானத்துக்கு வேலைக்கு வந்த பிறகும் அது மாறவில்லை.

விளையாடுகிறவர்களோடு தடிப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆட்களைக் கெடி என்போம். அதில் ஒருவர் திகனக்காரர், முஸ்லிம், எங்களைவிட வயதில் மூத்தவர். அண்ணன் முறை வைத்து எல்லாரும் அவரை நானா என்போம். பத்து மணித் தேத்தண்ணிக்கு எங்களோடு வந்து உட்காருவார். அவர் சொல்லித்தான் அந்த அம்மாவைப் பற்றித் தெரியும்.

கண்டி டவுனில், வாவிக்குக் கிட்ட வீடு. யாழ்ப்பாணத்து மனிசி. கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு எடுத்தவர். அவருடைய வீட்டுக்காரர் டொக்டர். சனிக்கிழமை தவறாமல் இங்கே விளையாட வருவார். அம்மாவும் கூட வந்து மேலே கிளப் கட்டடத்து விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, மற்றப் பெண்களோடு பேசிக்கொண்டு இருப்பார். டொக்டர் தவறிப்போன பிறகு அவருடைய தடிகளை வைத்து அம்மா விளையாடப் பழகத் தொடங்கியிருந்தார். அறுபது வயதுக்கு மேல்.

"இந்த வயசுல என்னாத்துக்கு நானா இந்த வீண் வேல?" என்று அக்கா கேட்டார்.

"பிள்ளைகள் ரெண்டும் வெளிநாட்டுல. சனிக்கிழம வந்தா வீட்டுல இருக்க ஏலாதாம். சனிக்கிழமயில மூணு பொம்புளைகள் சேந்து விளையாடுறாங்கதானே, அவங்க நாலாவது ஆளா சேத்துக்கிறோம் எண்டு சொல்லீக்கிறாங்க. ஆனா அதுக்கு கார்ட் எடுக்கணும். பொம்புளைகள் பகுதித் தலைவியோட ஒரு சுத்து விளையாடி, குறிச்ச கணக்குக்குள்ள அடிச்சுக் காட்டணும். அதுக்குத்தான் கிழமைக்கு ரெண்டு நாள், செவ்வாயும் வியாழனும், தனியா வந்து பழகுறாங்க."

"தனியா விளையாடுறதுல என்னா இருக்கு?"

"அதுலதான் சட்டம் கூட. தனி ஆளுக்கு இங்க ஒரு மதிப்பும் இல்ல. பின்னால நாலு பேர் வந்தா ஒதுங்கி வழி விடணும். ஒரு பந்துதான் அடிக்கணும், ஆளில்லயே எண்டு ரெண்டு மூணு போட ஏலாது. மணலுக்குள்ள எறங்கினா காலடிய வாரிட்டுத்தான் ஏறணும்."

"யாரு பாக்குறா? போன கெழம ஒருத்தன் அடிச்ச பந்து என் கூடையில வந்து விழுந்திச்சு. பந்து எங்கன்னு கேட்டான். என் மண்ட எங்கன்னு கேட்டானா?"

எல்லாரும் சிரித்தோம். "அந்த அம்மா பாப்பாங்க" என்றார் நானா.

அது உண்மைதான். நான் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறேன். தன் பந்து விழுந்த பள்ளத்தைச் சரிப்படுத்திவிட்டு, பக்கத்தில் யாரோ விட்டுப்போன பள்ளத்தையும் குனிந்து சரிப்படுத்துவார். நாலு பேர் பின்னால் வந்தால் தள்ளுவண்டியை ஓரமாக இழுத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் பந்து கோணலாகப் போய்விட்டது. சுற்றிலும் ஒருத்தரும் இல்லை. பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்தார். கையில் வைத்துப் பார்த்தார். திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு நடந்தார். அதைப் பார்த்தபோது எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. 

மணல் பள்ளத்தை இங்கே பங்கர் என்பார்கள். ஒரு தரம் அம்மா அதற்குள் இறங்கி மூன்று தரம் அடித்தும் பந்து மேலே வரவில்லை. பக்கத்தில் நின்ற அக்கா, "கஷ்டந்தானேம்மா?" என்றார்.

"பங்கருக்குள்ள இருந்து எங்களுக்கு நல்ல பழக்கம், பிள்ளை" என்றார் அம்மா. "வெளியில வாறதுதான் பாடு."

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஆட்கள் குண்டுக்குப் பயந்து ஒளிந்த குழிக்கும் அதே பெயர்தான். அக்கா அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இந்த அம்மாவோடு ஒரு வார்த்தை பேசினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அந்த வருடம் பன்றித் தொல்லை அதிகம். எட்டுப் பேரையும் பிரித்துப் போட்டார்கள். செவ்வாயும் வியாழனும் ஐந்தாம் குழியில் நான் மட்டும் என்று ஆயிற்று. அது தூரம் குறைந்த குழிதான். ஆனால் அடிக்கிற மேட்டுக்கும் கிரீனுக்கும் நடுவில் ஆழமான ஓடை. பந்து பறந்து தாண்டினால் உண்டு, இல்லாவிட்டால் புதர்ப்பற்றைக்குள் போய்விடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அந்த இடத்தில்தான் பயம்.

முதல் செவ்வாய்க்கிழமை இரண்டு மணி இருக்கும். அம்மா எதிர் மேட்டில் வந்து நின்றார். நான் கூடையையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு ஓரத்து மரத்தடிக்கு ஒதுங்கினேன். கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். பந்து விழுகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மரியாதை இல்லை என்று இன்னும் குனிந்து நின்றேன். கொஞ்ச நேரம் போய்த் தள்ளுவண்டிச் சக்கரத்தின் சத்தம் கேட்டது. அம்மா ஓடையைச் சுற்றிப் போகிற பாதையால் நேரே ஆறாம் குழிக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைக் கடக்கும்போது லேசாகத் தலையை அசைத்தார். நான் கும்பிட்டேன்.

ஓடையைக் கண்டு பயந்துவிட்டார் போல என்று நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன். அதைச் சொல்லத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது. நல்லதாய்ப் போயிற்று, வேலையை விட்டு ஒதுங்கி நிற்கிற நேரம் மிச்சம் என்று நினைத்தேன்.

வியாழனும் அப்படித்தான். அடுத்த செவ்வாயும் அப்படித்தான். இரண்டு மூன்று மாதம் இதே கதை. அவர் வருவார், நிற்பார். நான் மரத்தடியில் குனிந்து நிற்பேன். பிறகு சக்கரச் சத்தம். சில நாள் அதிக நேரம் நிற்பார். ஒரு நாள் கடைக்கண்ணால் பார்த்தேன். அவர் ஒரு கையை மெதுவாகத் தலைக்கு மேலே தூக்கினார். தொப்பியைச் சரிசெய்கிறார் என்று விட்டுவிட்டேன்.

கார்ட்டுக்கான சுற்று ஒரு சனிக்கிழமை நடந்தது. அன்றைக்கு எனக்கு வேறு பக்கத்தில் வேலை. திங்கட்கிழமை தேத்தண்ணி நேரம் நானா வந்தார். முகமே சரியில்லை.

"யாழ்ப்பாணத்து அம்மாக்குக் கெடைக்கல்ல. எல்லா எடத்துலயும் நல்லாத்தான் அடிச்சாங்க. அஞ்சாம் குழியில நாலு பந்து ஓடைக்குள்ள. அதோட கணக்கு கெட்டுப் பெய்த்து."

"ஐயோ பாவம்" என்றார் அக்கா. "அந்த ஓடையில பழகி இருக்கலாமே."

"அதத்தான் நானும் கேட்டேன். ஏன் அம்மா அதுல மட்டும் பழகல்ல எண்டு. என்ன சொன்னாங்க தெரியுமா? புல்லுல ஆள் வேல செஞ்சா அவங்க கை காட்டுற வரைக்கும் அடிக்கக் கூடாது. அது சட்டம். அந்தக் குழியில எப்பவும் ஒரு பிள்ளை நிக்குது, என்னக் கண்டதும் வேலய விட்டுட்டு மரத்தடிக்குப் போய் மொகத்தக் குனிஞ்சுக்குது. ஒரு நாளும் கை காட்டல்ல. நான் அங்க வாறது அதுக்குப் புடிக்கல்லப் போல, தனியா ஒருத்திக்காக எதுக்கு வேலயக் கெடுக்கணும் எண்டு தாண்டிப் பெய்த்தேன் எண்டாங்க."

கையிலிருந்த ரொட்டியைத் திரும்பக் கடதாசியில் சுற்றி வைத்தேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "செவ்வாயும் வியாழனும் நீதானே?"

தலையை ஆட்டினேன்.

"அடி பாவி. அவங்க ஒன்னப் பாத்துக்கிட்டு நிக்க, நீ மண்ணப் பாத்துக்கிட்டு நின்னியா?"

"அடிச்சிட்டுப் போவாங்கன்னு நெனச்சேங்க்கா" என்றேன். "பெரிய மனுசங்களுக்குப் போயி நான் கை காட்டுறதா?"

நானா திட்டவில்லை. "மூணு மாசத்துல திரும்பவும் ஒரு சுத்து ஈக்குது" என்றார். "வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் குடுக்கணும். வேணாம் எண்டு நிக்கிறாங்க. நீ ஒரு வார்த்த சொன்னா குடுப்பாங்க, தங்கச்சி. வியாழக்கிழம வருவாங்க. கையத் தூக்கிக் காட்டு. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை மழையில் ஒருவரும் வரவில்லை. புதன்கிழமை வீட்டில் அடுப்படியில் நின்று கையைத் தூக்கிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கண்டுவிட்டு, "என்னா, தோள்பட்டைல புடிப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சொல்ல வேண்டியதையும் மனதில் வைத்துக்கொண்டேன். அம்மா, எனக்குத் தெரியாம போச்சும்மா, நீங்க அடிங்கம்மா. இவ்வளவு நீளம் நான் ஒரு பெரிய மனிதரோடு பேசினதே இல்லை.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு முதலே நான் வேலையை விட்டுவிட்டு எதிர் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்தார். ஆனால் மேட்டுக்கு ஏறவே இல்லை. வழக்கம் அப்படி ஆகிவிட்டது. நாலாம் குழியிலிருந்து நேரே பாதையால் திரும்பி ஓடையைச் சுற்றி நடந்தார். என் பக்கம் பார்க்கவும் இல்லை. அம்மா என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. அவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார். அவருடைய முதுகைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். உயரத் தூக்கினேன். அக்கா தூக்குகிற மாதிரியே.

அந்த நேரம் எதிர் மேட்டில் வேறு இரண்டு ஆண்கள் வந்து நின்றதை நான் காணவில்லை. கை தங்களுக்குத்தான் என்று ஒருவர் அடித்துவிட்டார். பந்து என் காலுக்குப் பக்கத்தில் டொக்கென்று விழுந்து துள்ளிப் போயிற்று. நான் கூடையைப் போட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன்.

சத்தம் கேட்டு அம்மா திரும்பினார். தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார். அந்த வயதில் ஓடி வந்தார்.

"பிள்ளை, பட்டிட்டுதோ? எங்க, காட்டுங்கோ பாப்பம்."

"இல்லீங்கம்மா."

"வடிவாப் பாத்தனீங்களே? தலையில படேல்லையே?"

"இல்லீங்கம்மா."

மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவ்வளவு கிட்டத்தில் அவரை நான் பார்த்ததில்லை. தொப்பிக்குக் கீழே மயிர் முழுக்க வெள்ளை. கண்ணாடியில் வேர்வை. என்னைவிடக் கட்டையான ஆள். நான் மனதில் வைத்திருந்ததை இப்போது சொல்ல வேண்டும். சொல்லத் தொடங்கினேன் என்றுதான் நினைக்கிறேன். உதடு அசைந்தது எனக்குத் தெரியும்.

அவர் முந்திக்கொண்டார். "நானும் இவ்வளவு நாளா இதால வந்து உங்களுக்குக் கரைச்சல் குடுத்திட்டன். வேலைக்கு இடைஞ்சல்தானே. இனி இந்தப் பக்கம் வரமாட்டன், என்ன?"

கேட்கிற மாதிரித்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பதிலுக்கு நின்றார். ஒரு துரையம்மா ஏதாவது சொன்னால் எங்கள் வாயில் என்ன வருமோ அதுவே வந்தது.

"சரிங்கம்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போனார். ஆறாம் குழியில் நின்று விளையாடவில்லை. நேரே மேலே கட்டடத்துக்கு ஏறிப் போகிற பாதையில் திரும்பினார். நான் சொன்னது என் காதிலேயே விழுந்துகொண்டிருந்தது. மேட்டில் நின்ற ஆண்கள், "ஏய், அயின் வென்ன" என்று சிங்களத்தில் விலகச் சொல்லிக் கத்திய பிறகுதான் நகர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அவர் பெயர் கொடுக்கவில்லை. நான் வேலையைப் போட்டுவிட்டு நானாவைத் தேடிப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வரமாட்டேன் எண்டதுக்கா சரி எண்டு சொன்ன?" என்றார். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து அடித்தார். நீயே பேசு என்று நீட்டினார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர்தான் பேசினார்.

"அம்மா, அந்தப் பிள்ள வேணும் எண்டு செய்யல்ல. தோட்டத்துப் பழக்கம் அம்மா. பெரிய ஆக்களக் கண்டா அப்பிடித்தான் நிப்பாங்க. அதுக்குக் கை காட்டணும் எண்டு தெரியாது" என்று சொல்லிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார். பிறகு நின்றார். நிறைய நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"என்ன சொன்னாங்க நானா?"

"அப்பிடியா எண்டு கேட்டாங்க. பொறகு, தானும் கூப்பிட்டுக் கேட்டீக்கலாம், தனக்கும் வாய் வரல்ல எண்டாங்க. ஒன்னக் கொற சொல்ல வேணாம் எண்டாங்க."

"பேர் குடுப்பாங்களா?"

"மகள் அங்க வந்து கொஞ்ச நாள் இரு எண்டு கூப்பிடுறாவாம். இனி இதுக்கு மனசு வராது எண்டாங்க."

நான் மேட்டில் நின்றவரைப் பெரிய மனிதர் என்று பார்த்தேன். அவர் மரத்தடியில் நின்றவளை, தன்னை அங்கே விரும்பாத ஒருத்தி என்று பார்த்தார். ஓடைக்கு அந்தப் பக்கமும் கூச்சப்பட்ட ஒரு ஆள்தான் நின்றது என்று எனக்கு யாராவது முதலே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும். சொன்னாலும் நம்பியிருப்பேனோ தெரியாது.

மூன்று மாதம் போய் அந்தச் சனிக்கிழமை வந்தது. அக்காவிடம் கேட்டு ஐந்தாம் குழிக்கு என் முறையை மாற்றிக்கொண்டேன். கடைசி நேரத்தில் மனம் மாறி வந்துவிட்டால் என்று ஒரு நப்பாசை. கார்ட்டுக்கு வேறு ஒரு இளம் பெண் தலைவியோடு வந்தாள். ஓடைக்கு மேலால் முதல் அடியிலேயே தாண்டிவிட்டாள். அவர்கள் போன பிறகு அந்த மூன்று பெண்களும் வந்தார்கள். மூன்று பேராகவேதான் வந்தார்கள். கிரீனில் நின்று, டொக்டருடைய மனிசி மகளிடம் போய்விட்டாளாம், வீட்டைப் பூட்டிவிட்டாளாம் என்று பேசிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி, "பாவம், அவ எங்களோட விளையாட ஆசையா இருந்தவ" என்றாள். இன்னொருத்தி கொடியைத் திரும்பக் குழியில் நட்டாள்.

அவர்கள் ஆறாம் குழிக்கு நடந்த பிறகு நான் கத்தியை எடுத்துக்கொண்டு கிரீனுக்குப் போனேன். மூன்று பந்து விழுந்த இடத்தில் மூன்று பள்ளம் இருந்தது. ஒன்றையும் அவர்கள் சரிப்படுத்தவில்லை. குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கிளறி, சுற்றியிருந்த புல்லை நடுவுக்கு இழுத்து, உள்ளங்கையால் அமத்தினேன். நாலாவதாக ஒன்று இருக்கிறதா என்று தேடினேன். இல்லை என்று தெரிந்துகொண்டேதான் தேடினேன்.